ஒரு முட்டைக்கு 5 கிராம் கொழுப்பு... கோழியின் கல்லீரலில் லோடு ஏற்றுவது யார்? வெயிலில் சாகும் நாமக்கல் கோழிகளும் செல்லுக்குள் நடக்கும் போக்குவரத்தும்!

வெயில் காலம் வந்தாலே நாமக்கல், ராசிபுரம், மோகனூர் பக்கத்து முட்டைக் கோழிப் பண்ணைகளில் ஒரு பயம் வந்துவிடும். நேற்று வரை நன்றாகத் தீவனம் தின்று முட்டையிட்ட கோழி, காலையில் கூண்டில் செத்துக் கிடக்கும். கொண்டை வெளுத்திருக்கும். அறுத்துப் பார்த்தால் கல்லீரல் மஞ்சளாகி, தொட்டாலே உடையும். வயிற்றுக்குள் ரத்தம் உறைந்திருக்கும். இதற்குப் பெயர் 'கொழுப்புக் கல்லீரல் ரத்தக்கசிவு நோய்'.

"தீனி ஜாஸ்தியாப் போச்சு, அதான்" என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். உருவான கொழுப்பு கல்லீரலை விட்டு வெளியேற முடியாமல் தேங்குவது மீதி பாதி. அப்படின்னா கொழுப்பை வெளியே அனுப்புவது யார்?

*ஒரு கோழிக்கு இவ்ளோ வேலையா?*

ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் சுமார் 5 கிராம் கொழுப்பு இருக்கிறது. ஆண்டுக்கு 300 முட்டை இடும் கோழி, 1.5 கிலோ கொழுப்பை வெளியே அனுப்புகிறது. கிட்டத்தட்ட அதன் சொந்த எடை! பறவைகளில் இந்தக் கொழுப்பில் பெரும்பகுதி கல்லீரலில்தான் தயாராகிறது. அங்கிருந்து ரத்தம் வழியாகச் சினைப்பைக்குப் போக வேண்டும்.

*கொழுப்பு ஏன் தானாக நகராது?*

செல்லுக்குள் பெரும்பகுதி தண்ணீர். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். செல்லின் ஒவ்வொரு அறையையும் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பால் ஆனது. ஒரு சவ்வில் இருக்கும் கொழுப்பு மூலக்கூறு, நடுவில் உள்ள தண்ணீரைத் தாண்டி அடுத்த சவ்வுக்குத் தானாகப் போவது மிக மிக அரிது.

அதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, சவ்விலிருந்து சின்னப் பை ஒன்று கிள்ளி எடுக்கப்பட்டு, லாரி போல அடுத்த இடத்துக்குப் போகும். ஆனால் செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியா பெரும்பாலும் இந்த லாரி ரூட்டிலேயே வராது. அங்கே இரண்டாவது வழிதான் கைகொடுக்கும். அதுதான் லோடுமேன் வேலை செய்யும் புரதங்கள்.

*லோடுமேன் புரதங்கள்: இரண்டு ரகம்*

1968-ல் கே.டபிள்யூ.ஏ. விர்ட்ஸ், டி.பி. சில்வர்ஸ்மிட் ஆகிய விஞ்ஞானிகள் எலியின் கல்லீரலில் ஒன்றைக் கவனித்தனர். செல்லின் நீர்ப்பகுதியில் உள்ள புரதம் சேர்ந்தால், சவ்வுகளுக்கு இடையே கொழுப்பு வேகமாகக் கைமாறியது.

முதல் ரகப் புரதம் மூடி போட்ட டப்பா போல. உள்ளே எண்ணெய்ப்பசை உள்ள ஒரு குழி இருக்கும். ஒரு சவ்வில் கொழுப்பை எடுத்து, தண்ணீர் படாமல் மூடி, அடுத்த சவ்வில் இறக்கிவிடும்.

இரண்டாவது ரகம் பைப் மாதிரி. இரு சவ்வுகள் 10 முதல் 30 நானோமீட்டர் தூரத்தில் நெருங்கி நிற்கும் இடங்களில் இது பாலமாக நிற்கும். கொழுப்பு அதன் வழியே வழுக்கிப் போகும். விபிஎஸ்13 என்ற புரதம் இந்த ரகம். மனிதர்களில் இந்தக் குடும்பத்துப் புரதங்கள் பழுதானால் நரம்பு நோய்கள் வருகின்றன.

*கல்லீரலில் நடப்பது என்ன?*

கல்லீரல் செல்லில் கொழுப்பு தயாராகும் இடம் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்ற சவ்வுப் பின்னல். அதன் உள்ளே இருக்கும் லோடுமேன் பெயர் எம்டிபி. சவ்வுக்கும் சவ்வுக்கும் இடையே கொழுப்பை மாற்றும் திறன் கொண்டதாக, 1980-களில் மாட்டுக் கல்லீரலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட புரதம் இது. சவ்வில் இருக்கும் கொழுப்பை எடுத்து, 'அப்போ-பி' என்ற நீளமான புரதத்தின் மேல் ஏற்றும். லோடு ஏறிய அப்போ-பி உருண்டையாகி, விஎல்டிஎல் என்ற கொழுப்புத் துகளாக ரத்தத்துக்குள் போகும்.

முட்டையிடும் கோழியில் இந்தத் துகள் வழக்கத்தைவிடச் சின்னது, சுமார் 30 நானோமீட்டர். சின்னதாக இருப்பதால்தான் கருவைச் சுற்றியுள்ள படலத்தைத் தாண்ட முடிகிறது. கரு முட்டையின் மேலுள்ள ஏற்பி அதைப் பிடித்து உள்ளே இழுக்கும். இந்த ஏற்பி பழுதான கோழிகள் ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. அவற்றின் ரத்தத்தில் கொழுப்பு எக்கச்சக்கமாக ஏறும், முட்டை மட்டும் வராது.

*லோடு ஏறவில்லை என்றால்?*

இதற்கு மனிதர்களிடமே சாட்சி இருக்கிறது. எம்டிபி இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு அபீட்டாலிப்போபுரோட்டீனிமியா என்ற அரிய நோய் வரும். குடல் கொழுப்பை ஏற்காது. வைட்டமின் ஏ, ஈ குறைந்து கண்ணும் நரம்பும் பாதிக்கும். காரணம் எம்டிபி இல்லாததுதான் என்று 1992-ல் தெரியவந்தது.

2012-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லோமிட்டாபைட் மாத்திரை, எம்டிபியை வேண்டுமென்றே தடுக்கிறது. பரம்பரையாக மிக அதிகக் கொலஸ்ட்ரால் உள்ளவர்களுக்கு அது குறைகிறது. ஆனால் பக்கவிளைவு? கல்லீரலில் கொழுப்பு தேங்குகிறது. வாசலை அடைத்தால் குடோன் நிரம்பத்தானே செய்யும்!

*பண்ணைக்கு இதில் என்ன பாடம்?*

கோழிக்கு இந்த நோய் வர ஒரே காரணம் என்று எதையும் சொல்ல முடியாது. மக்காச்சோளம் அதிகமான தீவனம், நடமாட்டம் இல்லாத கூண்டு, கடும் வெயில், முட்டைப் பருவ ஹார்மோன் எல்லாம் சேர்ந்து கொழுப்பைக் கூட்டும். வெளியே அனுப்பும் பக்கத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு.

ஒன்று கோலின். கொழுப்புத் துகளின் மேலுறை செய்ய இந்தச் சத்து வேண்டும். தீவனத்தில் கோலின் குளோரைடு சேர்ப்பது இதற்காகத்தான். இரண்டாவது பூஞ்சை. ஈரம் பட்ட மக்காச்சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் வளரும் பூஞ்சை, அஃபிளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். இது கல்லீரலில் புரதம் தயாராவதையே குறைக்கும். புரதம் இல்லையென்றால் லோடு ஏற்ற ஆள் இல்லை!

அதனால் கோழி கொழுத்துச் செத்தால் தீவன அளவை மட்டும் குறைத்தால் போதாது. இறந்த கோழியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டிப் பரிசோதிப்பதும், தீவனத்தின் ஈரப்பதத்தையும் நஞ்சையும் சோதிப்பதும் அவசியம். கோலின் அளவையும் மருத்துவர் ஆலோசனைப்படியே முடிவு செய்ய வேண்டும்.