ஓடுபாதையும் அடுக்குமாடியும்: பாயான் லெப்பாஸில் நிலப்பயன்பாட்டு அனுமதியின் வரலாறு

பினாங்கு அனைத்துலக விமான நிலையம் தீவின் தென்கிழக்கில், ஜார்ஜ் டவுன் நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், பாயான் லெப்பாஸில் அமைந்துள்ளது. பினாங்கு நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்றாக இருந்த காலத்தில், 1935-இல் இது திறக்கப்பட்டது. நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் மலாய்க் கிராமங்களும் நிறைந்த சமவெளி அன்று ஓடுபாதையைச் சூழ்ந்திருந்தது. மேற்கே குன்றுத்தொடரும் கிழக்கிலும் தெற்கிலும் கடலும் இருந்தன. அதே சமவெளியில் இன்று தொழிற்பேட்டையும் நெடுஞ்சாலைகளும் பல்லாயிரம் அடுக்குமாடி வீடுகளும் நெருங்கி நிற்கின்றன. விமானப் போக்குவரத்துக்கான உயர வரம்பு, நிலப்பயன்பாட்டுத் திட்டம் என்ற இரு வேறு ஒழுங்குமுறைகள் இந்த மாற்றத்தில் எவ்வாறு செயல்பட்டன, அயலார் எழுப்பிய ஆட்சேபங்களுக்கு எந்த அளவு இடம் கிடைத்தது என்பதை இக்கட்டுரை காலவரிசையில் ஆராய்கிறது.

விமான நிலையம் ஈர்த்த குடியிருப்பு

பாயான் லெப்பாஸ் நகரமயமானதற்கு முதற்காரணம் விமான நிலையமே. 1960களின் இறுதியில் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்த ஜார்ஜ் டவுனின் வணிகம் தளர்ந்தது, வேலையின்மை பெருகியது. 1969-இல் முதலமைச்சரான லிம் சொங் யூ, அதே ஆண்டில் பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை நிறுவினார். 1970-இல் ராபர்ட் நாதன் ஆலோசனைக் குழு அளித்த அறிக்கை, ஏற்றுமதிக்கான ஆலைத் தொழிலே மாநிலத்திற்கு வழி என்று பரிந்துரைத்தது. 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரம் உருவானது. இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்டு, போஷ், ஹிட்டாச்சி, நேஷனல் செமிகண்டக்டர், கிளாரியன், லிட்ரோனிக்ஸ் ஆகிய எட்டு நிறுவனங்கள் முதலில் வந்தன.

எடை குறைந்து விலை மிகுந்த மின்னணுச் சில்லுகள் கப்பலில் அல்ல, விமானத்தில் ஏற்றுமதியாகின்றன. எனவே ஆலைகளுக்கு ஓடுபாதையின் அண்மை தேவைப்பட்டது. ஆலைகளின் அண்மை தொழிலாளர்களுக்குத் தேவைப்பட்டது. நெல்வயல்களைக் கையகப்படுத்தித் தொழிற்பேட்டை அமைத்த மேம்பாட்டுக் கழகமே, அதையொட்டி பாயான் பாரு புதுநகரையும் எழுப்பியது. 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டதும் பெருநிலத்திலிருந்து வேலைக்கு வருவோர் பெருகினர். 2000 ஜனவரி 1 முதல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதால், பழைய நகரின் கடைவீடுகளில் குறைந்த வாடகைக்கு இருந்த குடும்பங்கள் பல வெளியேற நேர்ந்தது. 2014-இல் பத்து மாவோங்கையும் பத்து காவானையும் இணைக்கும் இரண்டாம் பாலம் வந்தது. இவை ஒவ்வொன்றும் சுங்கை ஆரா, ரெலாவ், பாயான் லெப்பாஸ், பத்து மாவோங் வட்டாரங்களில் வீட்டுத் தேவையைக் கூட்டின. தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த சுங்கை ஆராவில் தமிழ்ப்பள்ளி இன்றும் இயங்குகிறது. அதைச் சுற்றியிருந்த தோட்டச்சூழல்தான் மறைந்துவிட்டது.

உயர வரம்பின் கணக்கு

விமான நிலையத்தை ஒட்டி எவ்வளவு உயரத்திற்குக் கட்டலாம் என்பதற்கு அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 14-ஆம் இணைப்பு அடிப்படையாக உள்ளது. விமான நிலையத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத சில பரப்புகளை அது வரையறுக்கிறது. பாயான் லெப்பாஸ் போன்ற பெரிய ஓடுபாதைக்கு உட்கிடைப்பரப்பு 4,000 மீட்டர் ஆரம் வரை விரியும். அதன் உயரம் நிலைய மட்டத்திலிருந்து 45 மீட்டர். அதன் விளிம்பிலிருந்து 5 விழுக்காட்டுச் சரிவில் கூம்புப்பரப்பு மேலும் 100 மீட்டர் உயரும். விமானம் இறங்கும் திசையில் வரம்பு இன்னும் கடுமையானது: அணுகுபரப்பு முதல் 3,000 மீட்டருக்கு 2 விழுக்காட்டுச் சரிவில்தான் ஏறும். அதாவது அப்பரப்பு தொடங்கும் இடத்திலிருந்து 1,000 மீட்டர் தள்ளி நிற்கும் கட்டடத்திற்கு 20 மீட்டர் உயரமே கிடைக்கும்.

3,352 மீட்டர் நீளமுள்ள பாயான் லெப்பாஸ் ஓடுபாதை கடல் மட்டத்திற்குச் சற்றே மேலே உள்ளது. மாடி ஒன்றுக்கு 3 மீட்டர் என்று வைத்தால், உட்கிடைப்பரப்புக்குக் கீழே ஏறக்குறைய 15 மாடிகள் அடங்கும். அப்படியிருக்க, இதைவிட உயரமான குடியிருப்புகள் விமான நிலையங்களுக்கு அருகே அனுமதி பெறுவது எவ்வாறு என்ற கேள்வி எழும். விடை அதே இணைப்பில் இருக்கிறது. அசையாத வேறொரு தடையின் மறைவில் புதிய கட்டடம் அமைந்தாலோ, பாதுகாப்புக்கு ஊறு இல்லை என்று வான்வழி ஆய்வு காட்டினாலோ, உட்கிடைப்பரப்பையும் கூம்புப்பரப்பையும் மீறிய உயரத்திற்கு இசைவு தரலாம். மேற்கே குன்றுகள் ஏற்கெனவே உயர்ந்து நிற்கும் தீவில் இந்த விதிவிலக்குக்குத் தனிப் பொருள் உண்டு.

இந்த முடிவு முன்பு சிவில் விமானப் போக்குவரத்துத் துறையிடம் இருந்தது. 2018 பிப்ரவரி முதல் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் உள்ளது. அந்த ஆணையம் பதில் சொல்லும் கேள்வி ஒன்றே: இந்தக் கட்டடம் விமானத்திற்கு இடையூறா, இல்லையா? அந்த நிலத்தில் வீடு கட்டுவது பொருத்தமா, சாலை தாங்குமா, வெள்ளம் வடியுமா, பக்கத்து வீட்டாருக்கு என்ன ஆகும் என்பவை அதன் வரம்புக்குள் வாரா.

நிலம் யார் கையில்

கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி விமானப் போக்குவரத்து கூட்டரசின் அதிகாரம். நிலமும் உள்ளாட்சியும் மாநிலத்தின் அதிகாரம். நகர், கிராமத் திட்டமிடல் இரண்டுக்கும் பொதுவானது. 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் (சட்டம் 172) திட்டங்களை இரு படிநிலைகளில் அமைத்தது. மாநிலம் முழுமைக்கும் கொள்கை வகுப்பது கட்டமைப்புத் திட்டம். எந்த மனையில் எந்தப் பயன்பாடு, எவ்வளவு அடர்த்தி என்று வரைபடமாகக் காட்டுவது உள்ளூர்த் திட்டம்.

பினாங்கின் கட்டமைப்புத் திட்டம் 2007-இல் அரசிதழில் வெளியானது. அதன் திருத்திய வடிவம் 2019-இல் வந்தது. தீவு முழுமைக்கும் உரிய உள்ளூர்த் திட்டமோ நெடுங்காலம் அரசிதழ் ஏறவில்லை. 2030-ஐ இலக்காகக் கொண்ட வரைவு 2022-இல்தான் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. தொழிற்பேட்டை எழுந்து அரை நூற்றாண்டு ஆகும்வரை, பாயான் லெப்பாஸில் உயர வரம்புக்கு மீட்டர் கணக்கில் விதி இருந்தது. மனைவாரியான நிலப்பயன்பாட்டுக்குச் சட்டவலு பெற்ற வரைபடம் இல்லை. விண்ணப்பங்கள் பழைய இடைக்கால வரைபடங்களையும் நிர்வாக வழிகாட்டிகளையும் கொண்டே முடிவு செய்யப்பட்டன.

உள்ளூர்த் திட்டம் இல்லாத இடங்களுக்காகவே சட்டம் 172-இன் 21(6)-ஆம் பிரிவு ஒரு வாயிலைத் திறந்து வைத்தது. விண்ணப்பம் வந்ததும் அண்டை நில உரிமையாளர்களுக்கு எழுத்துமூல அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். கேட்டுக்கொண்டால் நேர்விசாரணையும் உண்டு. ஆனால் அண்டை நிலம் என்பதன் வரையறை குறுகியது. எல்லையைத் தொடும் மனை, அல்லது 20 மீட்டருக்கு மிகாத அகலமுள்ள சாலை, சந்து, வடிகால் ஆகியவற்றால் மட்டும் பிரிக்கப்பட்ட மனை. முட்டுச்சந்து வழியைப் பகிர்ந்தால் 200 மீட்டருக்குள் உள்ள மனை. அகலமான நெடுஞ்சாலைக்கு எதிர்ப்புறம் குடியிருப்பவர், நெரிசலால் அன்றாடம் பாதிக்கப்பட்டாலும், இந்த வரையறைக்குள் வரமாட்டார். அறிவிப்பு நில உரிமையாளருக்கே செல்வதால் வாடகைக்கு இருப்பவருக்கும் அந்த வாயில் இல்லை.

வாக்குச்சீட்டு வழியும் அடைபட்டிருந்தது. மலேசியாவில் உள்ளாட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டன. மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. அத்தேர்தலை மீட்க பினாங்கு அரசு தொடுத்த வழக்கைக் கூட்டரசு நீதிமன்றம் 2014-இல் தள்ளுபடி செய்தது. கட்டட அனுமதியை எதிர்ப்பவருக்கு எஞ்சியவை அறிவிப்பும் விசாரணையும், அதன்பின் மேல்முறையீட்டு வாரியமும் நீதிமன்றமும்தான்.

அடர்த்தி உயர்ந்த காலம்

2007 முதல் உள்ளாட்சிகளில் ஒருமுக அனுமதி மையங்கள் செயல்படத் தொடங்கின. சாலை, வடிகால், தீயணைப்பு, விமானப் போக்குவரத்து எனத் தொழில்நுட்ப அமைப்புகளின் கருத்துகள் ஒரே நேரத்தில் திரட்டப்பட்டன, தாமதம் குறைந்தது. ஒவ்வொரு துறையும் தன் பங்குக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதினால் போதும் என்ற நடைமுறையில், எல்லாத் திட்டங்களும் சேர்ந்து ஒரு வட்டாரத்தின் மேல் ஏற்றும் சுமையைக் கணக்கிடும் பொறுப்பு தளர்ந்தது.

2010-இல் பினாங்குத் தீவு நகராண்மைக் கழகம் குறிப்பிட்ட வட்டாரங்களில் வீட்டு அடர்த்தி உச்சத்தை ஏக்கருக்கு 30-இலிருந்து 87 ஆக உயர்த்தியது. நிலம் அரிதான தீவில் வீட்டு விலையைக் கட்டுப்படுத்தவும் பொதுப் போக்குவரத்தை ஒட்டி மக்களைக் குடியமர்த்தவும் இது தேவை என்பது ஆதரவாளர் வாதம். ரயில் வருமுன்னரே அடர்த்தி வந்துவிட்டது, சாலைகள் திணறுகின்றன என்பது குடிமக்கள் அமைப்புகளின் எதிர்வாதம். விமான நிலையத்தையும் தொழிற்பேட்டையையும் கடந்து செல்லும் முத்தியாரா இலகு ரயில் தடத்தின் பணி 2025-இல்தான் தொடங்கியது. உயர வரம்புள்ள இடத்தில் அடர்த்தி கூடினால், மேலே போக முடியாத கட்டடம் பக்கவாட்டில் பருக்கிறது. திறந்தவெளி சுருங்கி, அடுத்தடுத்த கட்டடங்களுக்கு இடையே இடைவெளி குறைகிறது.

இரண்டு ஆட்சேபங்கள்

ஆட்சேபத்தின் வலிமை அது ஊன்றி நிற்கும் சட்டத்தைப் பொறுத்தது என்பதை இரு நிகழ்வுகள் காட்டுகின்றன. முதலாவது, நகருக்கும் பாயான் லெப்பாஸுக்கும் இடையே கெளுகோரில் இருந்த கம்போங் புவா பாலா கிராமம். தோட்டத் தொழிலாளர் வழிவந்த தமிழ்க் குடும்பங்கள் மாடு வளர்த்து, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தன. நிலம் மாநில அரசு அதிகாரிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கைமாறியது. அங்கே கொண்டோமினியம் கட்டத் திட்டமிடப்பட்டது. முன்னாள் தோட்ட உரிமையாளரான பிரவுன் குடும்பம் தங்களுக்காக விட்டுச் சென்ற நிலம் என்று குடியிருப்பாளர்கள் வாதாடினர். நீதிமன்றங்கள் இறுதியில் அதை ஏற்கவில்லை. 2009-இல் கிராமம் இடிக்கப்பட்டது. பெரும்பாலான குடும்பங்கள் இழப்பீடாக இரட்டை மாடி வீடுகளுக்கு இசைந்தன. ஒரு சமூகத்தின் நீண்ட நாள் இருப்பு, பட்டா இல்லாத நிலையில், திட்டமிடல் சட்டத்தின் கண்ணில் ஆட்சேபமாகக்கூட நிற்கவில்லை.

இரண்டாவது, சுங்கை ஆரா. சமவெளி நிரம்பியதும் கட்டுமானம் குன்றுச்சரிவை நோக்கி ஏறியது. கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள, அல்லது 25 பாகைக்கு மேற்பட்ட சரிவுள்ள மலைநிலத்தில் மேம்பாடு கூடாது என்பது 2007 கட்டமைப்புத் திட்டத்தின் விதி. சிறப்புத் திட்டங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இத்தகைய நிலத்தில் சன்வே சிட்டி நிறுவனத்தின் வீடமைப்புத் திட்டத்திற்கு நகராண்மைக் கழகம் அனுமதி தந்தது. பழைய நிலவகை மாற்றமும், சிறப்புத் திட்டம் என்பதற்கு மாநிலம் வகுத்த வழிகாட்டியும் அனுமதிக்கு ஆதாரங்களாயின. எதிர்த்தவர்கள் அருகிலிருந்த சன்ரைஸ் கார்டன் கொண்டோமினியம்வாசிகளும் அயலாரும். அடுக்குமாடியில் குடியிருப்போரே அடுத்த மேம்பாட்டை எதிர்த்த வழக்கு அது. கட்டுமானமே கூடாது என்று அவர்கள் கோரவில்லை, சட்டம் விலக்கிய இடத்தில் கூடாது என்றே கோரினர்.

மேல்முறையீட்டு வாரியம் 2015-இல் அனுமதியை ரத்து செய்தது. பின்னர் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை மேம்பாட்டாளர் பக்கம் சாய்ந்த வழக்கில், 2023-இல் கூட்டரசு நீதிமன்றம் வாரியத்தின் முடிவை மீட்டது. அரசிதழில் வெளியான கட்டமைப்புத் திட்டம் அனுமதி தரும் அமைப்பைக் கட்டுப்படுத்தும். அதற்குக் கீழ்ப்பட்ட நிர்வாக வழிகாட்டியால் அதன் விலக்கை விரிக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். பாயான் லெப்பாஸ் வட்டாரத்தின் எல்லா அனுமதிகளுக்கும் இது பொருந்தும்.

கடலை நோக்கி

சமவெளியில் ஓடுபாதையும் சரிவில் மலைநில விதியும் தடுக்க, விரிவுக்கான அடுத்த திசை கடலாயிற்று. விமான நிலையத்திற்குத் தெற்கே, பெர்மாத்தாங் டாமார் லாவுட் கடலோரத்தில் மூன்று செயற்கைத் தீவுகளை உருவாக்க மாநில அரசு திட்டமிட்டது. மீனவர் தொடுத்த வழக்கில் சுற்றுச்சூழல் மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் அதன் சுற்றுச்சூழல் அனுமதியை ரத்து செய்தது. 2023-இல் புதிய அனுமதி கிடைத்தது; திட்டம் ஏறத்தாழ 2,300 ஏக்கரில் சிலிக்கான் தீவு ஒன்றாகச் சுருங்கியது; அதே ஆண்டில் பணியும் தொடங்கியது. இதற்கிடையே ஆண்டுக்கு 65 லட்சம் பயணிகளுக்கென விரிவுபடுத்தப்பட்ட நிலையத்தில் 2019-இலேயே 80 லட்சத்திற்கும் மேற்பட்டோர் பயணித்தனர். இப்போது 1.2 கோடிப் பேருக்கான விரிவாக்கம் நடைபெறுகிறது. விமான நிலையம் இடம்பெயரப் போவதில்லை என்பதே இதன் பொருள்; உயர வரம்பும் நீடிக்கும்.

பிற ஊர்களின் அனுபவம் இங்கே ஒப்பிடத்தக்கது. ஹாங்காங்கின் காய் தாக் விமான நிலையம் 1998-இல் மூடப்பட்டதும் கவுலூனின் உயர வரம்பு தளர்ந்தது. பழைய கட்டடங்களுக்கிடையே உயர்மாடிகள் எழுந்தன. பாயா லேபார் வான்படைத் தளத்தை இடம்மாற்றி, சுற்றுப்புறத்தின் உயரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தப் போவதாக சிங்கப்பூர் 2013-இல் அறிவித்தது. இந்தியாவில் சென்னை உள்ளிட்ட விமான நிலையங்களைச் சுற்றி எங்கே எவ்வளவு உயரம் என்பதை வண்ணங்களால் காட்டும் வரைபடங்களை விமான நிலைய ஆணையம் வெளியிடுகிறது. இம்மூன்றிலும் உயர வரம்பு விமானத்தோடு வந்து விமானத்தோடு போகும் விதியாகவே இருக்கிறது. அந்த நிலத்தில் எத்தனை பேர் வாழலாம் என்பதை வேறொரு திட்டமே தீர்மானிக்க வேண்டியுள்ளது.

பாயான் லெப்பாஸ் வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிவும் இதுவே. விமான நிலையம் ஆலையையும், ஆலை குடியிருப்பையும் ஈர்த்தன. உயர்மாடிகள் விமான நிலையத்தை மீறி வந்தவை அல்ல, அதனால் வந்தவை. விமானத்துறையின் இசைவு ஓடுபாதையைக் காக்கும். நிலப்பயன்பாட்டு ஆட்சேபத்திற்கு அது விடையாகாது. சட்டவலுவுள்ள திட்டம் இருந்த இடத்தில் ஆட்சேபம் நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் வென்றது. இல்லாத இடத்தில் 21 நாள் அறிவிப்போடு முடிந்தது. உள்ளூர்த் திட்டங்கள் உரிய காலத்தில் அரசிதழ் ஏறுவதும், அண்டை நிலம் என்பதன் வரையறை உண்மையான பாதிப்பை ஒட்டி விரிவதும் இனி வரும் அனுமதிகளின் தரத்தைத் தீர்மானிக்கும்.