மூன்று நிறமும் சேரும் இடம்

1990-களின் கடைசியில் அமெரிக்காவில் ஐம்பது அங்குலத்துக்கு மேல் டிவி வேண்டும் என்றவர்கள் பெரும்பாலும் வாங்கியது ரியர் புரொஜெக்‌ஷன் டிவியைத்தான். பிளாஸ்மா அப்போது நடுத்தர வர்க்கத்தின் கைக்கு எட்டாத விலை. மிட்சுபிஷி, ஹிட்டாச்சி, தோஷிபா, சோனி, பயனியர் என்று எல்லோரும் இந்த ராட்சதப் பெட்டிகளைச் செய்தார்கள். தூக்க நாலு பேர் வேண்டும். சில வருஷங்கள் படம் அருமையாக வரும். பிறகு ஒருநாள் செய்தியின் அடியில் ஓடும் வெள்ளை எழுத்து பிளந்துகொள்ளும். ஒரு பக்கம் சிவப்பு நிழல், மறுபக்கம் நீல நிழல். திரையின் ஓரத்துக்குப் போகப்போக நிழல் வில்லாக வளையும். மெக்கானிக் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்: கன்வர்ஜென்ஸ் போயிருக்கிறது.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஒரு பிக்சர் டியூப் அல்ல, மூன்று. பெரும்பாலானவற்றில் ஒவ்வொன்றும் ஏழு அங்குலம். ஒன்று சிவப்பை மட்டும் காட்டும், ஒன்று பச்சையை, ஒன்று நீலத்தை. இந்தச் சின்ன முகப்பிலிருந்து வரும் ஒளி லென்ஸ் வழியாகப் பெருகி, பின்னால் சாய்த்து வைத்த கண்ணாடியில் பட்டுத் திரும்பி, திரையின் பின்பக்கத்தில் விழுகிறது. ஐம்பது அறுபது அங்குலத்தை நிரப்பும் அளவுக்கு வெளிச்சம் வேண்டும் என்பதால் டியூப் கடுமையாகச் சூடாகும். அதைத் தணிக்க டியூப் முகப்புக்கும் லென்ஸுக்கும் இடையே கிளைக்கால் கலந்த திரவத்தை நிரப்பியிருப்பார்கள்.

பச்சை டியூப் நடுவில் நேராக நிற்கிறது. சிவப்பும் நீலமும் அதன் இருபுறமும் சாய்ந்து நிற்கின்றன. சுவரில் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் வட்டம் ஒரு பக்கம் நீண்டுவிடுவதுபோல, சிவப்புப் படம் ஒரு திசையில் அகன்று விழும், நீலம் எதிர்த் திசையில். மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்துவதற்குப் பெயர்தான் கன்வர்ஜென்ஸ். அதற்காக ஒவ்வொரு டியூபின் கழுத்திலும், கற்றையைத் திரை முழுவதும் ஓட்டும் வழக்கமான யோக் தவிர இன்னொரு சின்னக் காயில் உண்டு. அதில் ஓடும் மின்னோட்டம் எலக்ட்ரான் கற்றையைக் கொஞ்சம் இப்படியோ அப்படியோ நகர்த்தும். மூன்று டியூப், கிடைமட்டம் செங்குத்து என்று இரண்டிரண்டு திசை. ஆக ஆறு மின்னோட்டங்கள். திரையின் ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வோர் அளவு. கற்றை திரை முழுவதும் ஓடும்போது இந்த ஆறும் கணத்துக்குக் கணம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தத் தலைவலி புரொஜெக்‌ஷன் டிவியோடு பிறந்ததல்ல. வண்ணத் தொலைக்காட்சியோடு சேர்ந்தே பிறந்தது.

1954 மார்ச்சில் ஆர்சிஏ நிறுவனம் இந்தியானா மாநிலத்தின் புளூமிங்டன் ஆலையில் சிடி-100 என்ற வண்ண டிவியை உற்பத்தி செய்யத் தொடங்கியது. பதினைந்து அங்குல டியூப், விலை 1,000 டாலர். அதில் டியூப் ஒன்றுதான் என்றாலும் உள்ளே முக்கோணமாக மூன்று எலக்ட்ரான் துப்பாக்கிகள். திரையின் நடுவில் மூன்று கற்றைகளையும் சேர்ப்பது அத்தனை கடினமில்லை. ஓரங்களில்தான் ஒவ்வொன்றும் தன் வழியில் விலகும். 1960-களின் டிவிகளில் இதற்கென்றே தனி போர்டு, அதில் பன்னிரண்டு திருகுகள்வரை இருந்தன. வீட்டுக்கு வரும் மெக்கானிக் கட்டம் கட்டமாக வெள்ளைக் கோடு போடும் கருவி ஒன்றைக் கொண்டுவருவார். திருகுகள் இருக்கும் இடத்திலிருந்து திரை தெரியாத டிவிகளில், எதிரே ஒரு கண்ணாடியை நிறுத்தி அதில் படத்தைப் பார்த்தபடியே திருகுவார். இடது ஓரத்தைச் சரி செய்தால் வலது கெடும். மேலே பொருந்தினால் கீழே பிரியும். எதை முதலில் தொடுவது, எதைக் கடைசியில் தொடுவது என்பதுதான் அந்தத் தொழிலின் பாடம். வாங்கியவர் டிவியை வேறு சுவருக்கு நகர்த்தினாலே பூமியின் காந்தப்புலம் வேறு கோணத்தில் பட்டு நிறம் மாறும். மெக்கானிக்கை மறுபடி கூப்பிட வேண்டியதுதான்.

இந்த வேலையையே ஒழித்துக்கட்டுவது என்று பொறியாளர்கள் இறங்கினார்கள். 1966-இல் ஜெனரல் எலக்ட்ரிக் தன் போர்ட்டா-கலர் டிவியில் மூன்று துப்பாக்கிகளையும் முக்கோணமாக வைக்காமல் ஒரே வரிசையில் வைத்தது. 1968-இல் சோனியின் டிரினிட்ரான் டியூப் வந்தது. 1972-இல் ஆர்சிஏ இன்னும் ஒரு படி மேலே போனது. காந்தப்புலத்தின் வடிவமே கற்றைகளைச் சேர்த்துவிடும்படி யோக்கை வடிவமைத்து, அதை டியூபோடு சேர்த்தே பொருத்திவிட்டது. பன்னிரண்டு திருகுகளுக்கு இனி வேலை இல்லை.

இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு 1982-இல், டெல்லி ஆசிய விளையாட்டை ஒட்டித் தொடங்கியபோது இந்தப் புது வகை டியூப்கள்தான் கடைக்கு வந்தன. அதனால் தமிழ்நாட்டு டிவி மெக்கானிக்குகளில் பெரும்பாலோர் அந்தப் பழைய போராட்டத்தைப் பார்க்கவே இல்லை. பிக்சர் டியூபை மாற்றினால் கழுத்தில் உள்ள காந்த வளையங்களைத் திருப்புவார்கள், யோக்குக்கும் டியூபுக்கும் இடையே ரப்பர் ஆப்பைச் செருகுவார்கள், அசையாமல் இருக்க ஒட்டிவிடுவார்கள். அதோடு முடிந்தது.

நேரடித் திரையில் ஒழிந்த சங்கடத்தைத் திரும்ப அழைத்து வந்தது பெரிய திரை ஆசை. 1947-இலேயே ஆர்சிஏ 648பிடிகே என்ற ரியர் புரொஜெக்‌ஷன் டிவியை விற்றது. ஆனால் அது கறுப்பு வெள்ளை. ஒரே டியூப் என்பதால் எதையும் எதனோடும் சேர்க்க வேண்டியதில்லை. வண்ணத்தில் புரொஜெக்‌ஷன் டிவியை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் ஹென்றி கிளாஸ். ஒலிபெருக்கி வடிவமைப்பில் ஏற்கெனவே பெரும் பெயர் எடுத்திருந்தவர். மாசசூசெட்ஸில் அவர் தொடங்கிய அட்வென்ட் நிறுவனம் 1970-களின் தொடக்கத்தில் விடியோபீம் 1000-ஐ வெளியிட்டது. தரையில் ஒரு பெட்டி, அதில் மூன்று டியூப், எதிரே மூலைக்கு மூலை ஏழு அடி அளவுள்ள வளைந்த திரை. மூன்று டியூப் வந்ததும் மூன்று நிறத்தையும் பொருத்தும் வேலையும் கூடவே வந்துவிட்டது. பிறகு ஜப்பானிய, அமெரிக்க நிறுவனங்கள் கண்ணாடியை வைத்து ஒளியை மடக்கி, எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கின.

பழைய புரொஜெக்‌ஷன் டிவிகளில் இதற்கும் திருகுகள்தான். பின்னால் டிஜிட்டல் முறை வந்தது. திரையைக் கண்ணுக்குத் தெரியாத கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கோடும் சந்திக்கும் புள்ளியில் எந்த நிறம் எவ்வளவு நகர வேண்டும் என்ற எண்ணை ஒரு மெமரி சிப்பில் பதிந்துவைத்தார்கள். நடுவில் உள்ள இடங்களை டிவியே கணக்கிட்டுக்கொள்ளும். அந்த எண்கள் மின்னழுத்தமாக மாறி ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். ஆம்ப்ளிஃபயர் காயிலை ஓட்டும்.

பழுதின் முகவரி பெரும்பாலும் அந்த ஆம்ப்ளிஃபயர்தான். சான்யோ தயாரித்த எஸ்டிகே 392-110 போன்ற ஐசிகள் அவை. எஸ்டிகே என்றதும் தமிழ்நாட்டில் சொந்தமாக ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் செய்தவர்களுக்குச் சென்னை ரிச்சி தெரு ஞாபகம் வரும்; அங்கே பாட்டுக்காக வாங்கிய எஸ்டிகேக்களும் இதே குடும்பம்தான். அங்கே ஸ்பீக்கரை ஓட்டுவது இங்கே காந்தக் காயிலை ஓட்டுகிறது. ஒரு ஐசிக்குள் மூன்று ஆம்ப்ளிஃபயர். இரண்டு ஐசி போட்டால் ஆறு மின்னோட்டமும் கிடைத்துவிடும்.

பாட்டு கேட்காத நேரத்தில் ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயருக்கு ஓய்வு உண்டு. டிவி ஓடும்வரை இதற்கு ஓய்வே இல்லை. திரையில் கும்மிருட்டுக் காட்சி ஓடினாலும் இது முழு வேலை பார்த்துக்கொண்டிருக்கும். மூடிய பெட்டி, ஹீட் சிங்க்குக்கும் ஐசிக்கும் நடுவே தடவிய பசை வருஷக்கணக்கில் காய்ந்து பொடியாகிவிடும், சூடு வெளியேறாது. தினமும் சூடாகிக் குளிர்ந்து சூடாகிக் குளிர்ந்து உள்ளே எங்கோ ஒரு இணைப்பு விட்டுப்போகும். ஒரு நிறம் ஒரே திசையில் மட்டும் வளைந்தால் அந்த ஒரு ஆம்ப்ளிஃபயர் போயிற்று. எல்லாமே வளைந்தால் ஐசிக்கு மின்சாரம் தரும் வழியில் சின்ன ஃபியூஸ் போயிருக்கலாம்; ஐசி ஷார்ட் ஆகும்போது அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவது வழக்கம்.

இந்த இடத்தில் வீட்டுக்காரர்கள் செய்த ஒரு காரியம் ரிப்பேரையே கெடுத்தது. படம் பிரிந்ததும் ரிமோட்டை எடுத்து மெனுவுக்குள் போய் சிவப்பை இழு, நீலத்தைத் தள்ளு என்று மணிக்கணக்கில் போராடுவார்கள். ஆம்ப்ளிஃபயரே செத்துக் கிடக்கும்போது எண்ணை எவ்வளவு மாற்றினாலும் படம் சேராது. ஆனால் மாற்றிய எண் மட்டும் மெமரியில் பதிந்துவிடும். புது ஐசி போட்டதும் அந்தத் தப்பு எண்ணுக்குப் புது ஐசி விசுவாசமாகக் கீழ்ப்படியும், படம் எதிர்த் திசையில் கோணிக்கொள்ளும். மெனுவைத் தொடாமல் விட்டிருந்தால் பல டிவிகளில் ஐசியை மாற்றியதோடு படம் தானாகவே ஏறக்குறைய பழைய இடத்துக்கு வந்து நின்றுவிடும். ஆலையில் பதிந்த எண்கள் பத்திரமாக இருக்கும் அல்லவா? ‘எதையும் தொடாதீர்கள்’ என்று வீட்டுக்காரரிடம் போனிலேயே சொல்லிவைத்த மெக்கானிக் ஒரு முழு நாள் வேலையை மிச்சப்படுத்தினார்.

ஐசியைக் கழற்றுவது கைப்பழக்கம் கேட்கும் வேலை. 392-110-க்குப் பதினெட்டுக் கால்கள். ஒவ்வொரு காலிலும் சால்டரிங் அயர்ன் வைத்து ஈயத்தை இளக்கி, செம்புப் பின்னலாலோ உறிஞ்சும் பம்பாலோ துளை தெரியும்வரை எடுக்க வேண்டும். ஒரு காலில் துளி ஈயம் மிச்சமிருக்கும்போதே பிடித்து இழுத்தால் போர்டின் செம்புத் தடம் தோலாக உரிந்து வந்துவிடும். பிறகு மெல்லிய கம்பி போட்டுத் தடத்தைப் புதிதாகக் கட்ட வேண்டும். ஐசியை எடுத்ததும் அதன் பக்கத்திலுள்ள சிறிய மதிப்பு ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாக மீட்டரில் அளந்து பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் ஒரு காலைத் தூக்கிவிட்டு அளக்க வேண்டும், இல்லாவிட்டால் சுற்றியிருக்கும் பாகங்கள் அளவைப் பொய்யாகக் காட்டும். எரிந்த ரெசிஸ்டரைக் கவனிக்காமல் புது ஐசி போட்டவருக்கு அதே வளைவு திரும்பி வரும். பழைய பசையைச் சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்து, புதுப் பசையை மெல்லிசாகத் தடவ வேண்டும். முதலில் ஐசியை ஹீட் சிங்க்கில் திருகி இறுக்கிவிட்டுப் பிறகே கால்களைப் பற்றவைப்பது அனுபவசாலிகளின் முறை. மாற்றிச் செய்தால் இறுக்கும் வேகத்தில் பற்றவைப்பு விரிசல் விடும். ஒன்று போயிருந்தாலும் இரண்டையும் மாற்றுவார்கள். இரண்டும் ஒரே வயது, ஒரே சூட்டில் கிடந்தவை.

இதெல்லாம் பல ஆயிரம் வோல்ட்டுக்குப் பக்கத்தில் நடக்கிறது. புரொஜெக்‌ஷன் டியூபின் ஆனோடில் 30,000 வோல்ட் அளவுக்கு இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். குளிர்விக்கும் திரவம் கசிந்து போர்டில் சொட்டியிருந்தால் ஐசியை மட்டும் மாற்றிப் பலன் இல்லை.

ஐசி கிடைப்பது தனிப் போராட்டம். தேவை கூடியதும் சந்தையில் போலி புகுந்தது. மலிவான வேறு ஐசியின் முகத்தைத் தேய்த்துப் புதிய எண்ணை அச்சடித்து விற்றார்கள். சில போட்டவுடன் எரிந்தன. சில ஓடி ஓடிச் சில வாரங்களில் செத்தன. அச்சின் கூர்மை, உலோகப் பரப்பின் மெருகு, கையில் எடுத்தால் தெரியும் கனம் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. அசலைச் செய்த சான்யோவின் செமிகண்டக்டர் பிரிவே 2011-இல் ஆன் செமிகண்டக்டர் நிறுவனத்தின் கைக்கு மாறியது.

எண்கள் கெட்டுப்போன டிவிக்கு ஐசி மாற்றியபின் சர்வீஸ் மெனு வழியாக முழு அலைன்மென்ட் செய்ய வேண்டும். அரைமணி நேரமாவது டிவியை ஓடவிட்டுச் சூடேற்றிவிட்டுத் தொடங்குவார்கள். முதலில் சிவப்பையும் நீலத்தையும் மறைத்துவிட்டுப் பச்சையை மட்டும் நேர் செய்வார்கள். திரையில் நூல் கட்டியோ, கட்டம் அச்சிட்ட தாளைத் திரையில் ஒட்டியோ பச்சைக் கோடுகளை அதோடு பொருத்துவார்கள். பச்சை கோணலாக இருந்தால் பின்னால் வரும் இரண்டும் அந்தக் கோணலையே பின்பற்றும். பிறகு பச்சையின்மேல் சிவப்பு, கடைசியில் நீலம். ஹிட்டாச்சி டிவிகளில் முதலில் ஒன்பது புள்ளிகள், அடுத்து முப்பத்தைந்து, கடைசியில் நூற்றுப் பதினேழு என்று படிப்படியாக இறங்க வேண்டும். ஒரு புள்ளியை அளவுக்கு மீறி இழுத்தால் பக்கத்துக் கோடு நெளியும். பொறுமை இல்லாதவர் கையில் படம் அலையடிக்கும்.

ஹிட்டாச்சியே இதற்கு மேஜிக் ஃபோகஸ் என்ற தானியங்கி முறையைக் கொண்டுவந்தது. திரையின் ஓரங்களில் ஒளி உணரிகள். பொத்தானை அமுக்கினால் டிவி தனக்குத்தானே ஒளிக்கட்டங்களை ஓடவிட்டு, எங்கே விலகியிருக்கிறது என்று அளந்து சரிசெய்துகொள்ளும். நல்ல ஏற்பாடு. ஆனால் அது அன்றாடச் சின்ன விலகலுக்குத்தான். ஆம்ப்ளிஃபயர் செத்த டிவியில் அதை அமுக்கினால் பிழைச் செய்தி வரும், இல்லையென்றால் படம் இன்னும் கோணும். முழு அலைன்மென்ட்டை முடித்த மெக்கானிக், உணரிகளுக்கும் ‘இதுதான் இனி சரியான நிலை’ என்று புதிதாகப் பதிந்துகொடுக்க வேண்டும். அதை மறந்தால் வீட்டுக்காரர் பொத்தானைத் தொட்ட அன்றே அத்தனை உழைப்பும் போய்விடும்.

இரண்டாவது முறையாகவும் இந்தத் தொழிலை ஒழித்தது ஒற்றை லென்ஸ். டிஎல்பி, எல்சிடி ரியர் புரொஜெக்‌ஷன் டிவிகளில் மூன்று நிறமும் ஒரே லென்ஸ் வழியாக வெளியேறுவதால் சாய்ந்த டியூப்களும் இல்லை, சின்னக் காயில்களும் இல்லை. அவையும் நீடிக்கவில்லை. பிளாஸ்மாவும் எல்சிடியும் விலை இறங்க இறங்க, 2007 கடைசியில் சோனி ரியர் புரொஜெக்‌ஷனைக் கைவிடுவதாக அறிவித்தது. கடைசிவரை நின்ற மிட்சுபிஷி 2012 டிசம்பரில் விலகியது.

மூன்று டியூப் பெட்டிகள் அமெரிக்கத் தெருவோரங்களில் ‘இலவசம், எடுத்துப்போங்கள்’ என்று வைக்கப்பட்டன. எடுத்துப்போனவர்களில் பலருக்கு வேண்டியிருந்தது திரையில் இருந்த ஃபிரெனல் லென்ஸ் மட்டும்தான். வெயிலில் பிடித்தால் உலோகத்தை உருக்கும் சூடு அதில் கிடைக்கும். ஓடும் டிவியை வைத்திருந்த சிலர் மட்டும் அதே பெட்டிகளின் பின்மூடியைத் திறந்து கன்வர்ஜென்ஸ் போர்டைத் தேடினார்கள், போலி கலக்காத ஒரு ஜோடி எஸ்டிகேக்காக.