சேரி, ஸ்லம், இன்னும் சில வார்த்தைகள்

நாகூரில் எட்டாவது படிக்கும்போது ஆங்கில வாத்தியார் என் கட்டுரை நோட்டின் ஓரத்தில் சிவப்பு மையில் ‘ஸ்லாவன்லி’ என்று எழுதிக் கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நோட்டிலும் அதே மாதிரி மைக்கறைதான். அவனுக்கு ‘டர்ட்டி’ என்று எழுதினார். அவன் சேரியிலிருந்து வந்தவன். எனக்கு வந்தது என் வேலையைப் பற்றிய வார்த்தை. அவனுக்கு வந்தது ஆளைப் பற்றியது. அன்று நானும் இதைக் கவனித்ததாகச் சொல்ல முடியாது.

ஒழுங்கீனத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் வார்த்தைப் பஞ்சமில்லை. தோண்டிப் பார்த்தால் பலவற்றின் அடியில் யாராவது ஓர் எளிய ஜீவன் அகப்படுகிறது. ‘ஷாம்பிள்ஸ்’ கசாப்புக்காரன் இறைச்சி பரப்பிய பலகை. அதுவே கொலைக்களமாகி, கடைசியில் சாமான் இறைந்து கிடக்கும் அறையாயிற்று. ‘டாட்ரி’ 679இல் இறந்த புனித ஆட்ரியின் பெயரால் ஈலி நகரச் சந்தையில் விற்ற கழுத்து லேஸ். வாங்கியவர்களின் ஏழ்மை வார்த்தையில் ஒட்டிக்கொண்டது. (நாகூர் கந்தூரிக் கடைகளில் ஜரிகை ரிப்பனுக்குப் பேரம் பேசும் பெண்களை நினைத்துக்கொள்கிறேன்.) ‘ஸ்லட்’ முதலில் அழுக்காக இருப்பவள் மட்டுமே. அதிலிருந்து பிறந்த உரிச்சொல்லை சாஸர் ஓர் ஆண்பிள்ளையின் உடைக்குத்தான் பயன்படுத்துகிறார். பிற்பாடு ஆண்கள் சாமர்த்தியமாகத் தப்பித்துக்கொண்டார்கள்.

நாமும் யோக்கியர்கள் இல்லை. சேட்டை என்ற பெயரில் கல்லில் உட்கார்ந்து பூஜை வாங்கிய தெய்வத்தை மூதேவியாக்கி, பெருக்காத வீட்டுப் பெண்ணின் தலையில் ஏற்றியவர்கள் நாம்.

சேரிக்கு வருகிறேன். ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் தளிச்சேரி இருக்கிறது; பெரிய கோயிலுக்கென்று கொண்டுவரப்பட்ட நானூறு பெண்களுக்கு வீடு கொடுத்த தெருக்கள். கம்மாணச்சேரி இருக்கிறது. பிராமண ஊரான உத்தரமேரூரும் சேரிகளாகத்தான் பிரிந்திருந்தது. ஆக, சேரி என்றால் சேர்ந்திருக்கும் இடம், அவ்வளவே. ஆனால் பறைச்சேரியோடு தீண்டாச்சேரி என்ற சொல்லும் அதே தஞ்சைக் கல்வெட்டுகளில் வெட்டப்பட்டிருக்கிறது. எல்லாவற்றையும் வெள்ளைக்காரன் கணக்கில் எழுதிவிட முடியாது.

அவன் கணக்கும் சின்னதல்ல. தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்த பர்னல், அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர், யூலோடு சேர்ந்து ஆங்கிலோ - இந்திய வார்த்தைகளைத் திரட்டினார். 1882இல் இறந்துபோனார். 1886இல் அகராதி ‘ஹாப்ஸன் - ஜாப்ஸன்’ என்று வெளிவந்தது. முஹர்ரம் ஊர்வலத்தில் மார்பில் அடித்துக்கொண்டு எழுப்பும் ‘யா ஹஸன், யா ஹுஸைன்’ என்ற ஓலம் கோரா சிப்பாய் காதில் விழுந்த லட்சணம் அது. ஒரு துக்கத்தைப் புத்தகத்துக்குத் தமாஷான தலைப்பாக்கியது நாகூர்க்காரனுக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

அந்த அகராதியில் பறை கொட்டியவனின் ஜாதிப் பெயர் தெருநாய்க்கும் பருந்துக்கும் அடைமொழியாகி நிற்கிறது. இன்றும் ஐரோப்பியப் பத்திரிகைகள் தங்களுக்குப் பிடிக்காத தேசத்தை அந்தப் பெயரால் கூசாமல் அழைக்கின்றன. இன்னொரு பதிவு வேடிக்கையானது. வங்காள மாகாணத்தில், பெண்டாட்டியோடு வசித்த வெள்ளைச் சிப்பாய்களின் குடிசை வரிசைக்கு ‘பட்சரி’ என்று பெயர். அதற்கு மூலம் பறைச்சேரி என்கிறது அகராதி. ஏழை வெள்ளைக்காரன் இருந்த இடத்துக்கும் நம்மூர்ச் சேரியின் பெயரே போயிருக்கிறது. இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு ஒரு குரூர சந்தோஷம்.

‘ஸ்லம்’ லண்டன் கொச்சையில் வெறும் அறைதான். 19ஆம் நூற்றாண்டில் அழுகிய தெருக்களின் பெயராயிற்று. 1970இல் தமிழக அரசு அமைத்த வாரியத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்லம் கிளியரன்ஸ்’, தமிழில் ‘குடிசை மாற்று’. ஒரே போர்டில் இரண்டு பார்வை: ஒன்று அப்புறப்படுத்தச் சொல்கிறது, மற்றது கூரையை மாற்றச் சொல்கிறது. 2021இல் இரண்டு பெயரையுமே மாற்றி, ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாடு’ என்றாக்கினார்கள். இதற்கிடையே சென்னையின் மையத்திலிருந்து எத்தனையோ குடும்பங்களைக் கொண்டுபோய் இறக்கிய இடங்களில் ஒன்றின் பெயர் செம்மஞ்சேரி.

என் அறையில் இப்போது பழைய பத்திரிகைகள் முழங்கால் உயரத்துக்குக் கிடக்கின்றன. வருகிறவர்கள் ‘எழுத்தாளர் ரூம்’ என்று சிரித்துவிட்டு, எதையாவது நகர்த்தி உட்காருகிறார்கள். பக்கத்து நோட்டுக்காரன் ஒன்பதாவதுக்கு வரவில்லை. எங்கள் வகுப்பைத் தினம் காலையில் பெருக்கியது அவன் அம்மா.