வாசற்காவலும் ஸ்காட்லாந்துக் கல்வீடுகளும்

நம் சபைக்கு அடித்தளமிட்ட ஸ்காட்லாந்து மிஷனெரிமாரின் வரலாறு சபையார் அறிந்ததே. ஆகவே மலர்க் குழுவினரின் அன்புக் கட்டளையை ஏற்று, அந்நாட்டு எஸ்டேட் வாயில்களில் நிற்கும் காவல் வீடுகளைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

வாசற்காவல் இழிந்த தொழில் அன்று. 1 நாளாகமம் 9ஆம் அதிகாரம் கோராகியரை வாசல் காக்கும் ஊழியத்தில் வைக்கிறது. கோராகின் புத்திரர் பெயரால் வழங்கும் 84ஆம் சங்கீதமோ, துன்மார்க்கரின் இல்லத்தில் சுகமாய் வாழ்வதைக் காட்டிலும் கர்த்தரின் வீட்டு வாசலில் நிற்பதே மேல் என்கிறது. பரம்பரையாக வாசலில் நின்றவர்கள் வேறெப்படிப் பாடுவார்கள்!

ஸ்காட்லாந்தில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மாளிகையைச் சுற்றிப் பூங்கா அமைத்து மதில் எழுப்பியபோது இக்காவல் வீடுகள் பெருகின. பலர் இரட்டையாகக் கட்டினார்கள்: வண்டிப்பாதைக்கு இருபுறமும் அச்சில் வார்த்தாற்போல் இரு சிறு கல் வீடுகள். பார்க்க அழகுதான். குடியிருப்பவர்க்கோ சமையல் ஒரு பக்கம், படுக்கை எதிர்ப்பக்கம் என்றும் அமைந்ததுண்டு. பனியிலும் மழையிலும் பாதையைக் கடந்தே உறங்கப் போகவேண்டும். எஜமானுக்குச் சமச்சீர், காவற்காரன் மனைவிக்குச் சளி!

1783இல் கேம்பஸ்லாங்கில் பிறந்த ஜான் கிளாடியஸ் லௌடன் ஏழையின் வீட்டையும் கட்டடக்கலையாக மதித்தவர். குடில்கள், பண்ணை வீடுகள் குறித்து அவர் 1833இல் வெளியிட்ட பெருங்களஞ்சியம் நான் விரும்பிப் புரட்டும் நூல். பின்பு கட்டடக் கலைஞர்களான வில்லியம் பர்ன், டேவிட் பிரைஸ் ஆகியோர் காலத்தில் கோட்டைப் பாணி ஓங்கியது. காவல் வீட்டுக்கும் படிப்படியாக ஏறும் முக்கோணச் சுவர், மூலைக் கூம்பு, வாசல்மேல் குலச்சின்னம் எல்லாம் வந்தன. முகப்பில் மூன்று முகமாகத் துருத்தி நிற்கும் சன்னலைக் கவனியுங்கள். அடுப்படியில் இருப்பவளும் இருபுறமும் வண்டி வருவதைக் காண அது உதவும். சாலையோரச் சுவரில் இழைத்த கல்லும், பின்சுவரில் முரட்டுக் கல்லுமாகக் கட்டிய வீடுகள் பல.

நமக்கு உறவுள்ள வாயில் ஒன்றும் அங்கே உண்டு. 1781இல் டச்சுக்காரரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றிய சர் ஹெக்டர் மன்றோ, தம் நோவார் எஸ்டேட்டை அடுத்த ஃபைரிஷ் குன்றின்மேல் நாகப்பட்டின வாயிலின் சாயலில் வளைவுகளை எழுப்பினார். வேலையற்றோர்க்குக் கூலி கிடைக்கவே கட்டினார் என்பது அவ்வூர் வழக்கு. காவலாள் இல்லாத வாயில் அது. உள்ளே போக வீடும் இல்லை.

திருப்பணிக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம்: நம் ஆலய முகப்பு வளைவுக்கு வண்ணம் பூசுமுன், காவலர் அறையின் ஒழுகும் கூரையை மாற்றிக் கொடுங்கள்.