எண்ணப்படாத கால்விரல்கள்

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க டாக்டர், மருந்துச் சீட்டு மாதிரி இல்லாம" என்றார் நம் சங்கச் செயலாளர். கவிதை எனக்கு வராது. மூட்டு எண்ணத்தான் வரும். அந்த மூட்டு எண்ணிய கதையையே எழுதுகிறேன்.

சோரியாசிஸ் உள்ளவர்களுக்கு மூட்டுவலியும் வருகிறது என்று பாரிஸ் நகரத்து அலிபேர் 1818-லேயே எழுதினார். ஆனாலும் தோல் வியாதியும் முடக்குவாதமும் ஒரே ஆளுக்கு வந்துவிட்டன, அவ்வளவுதான் என்றே வெகுகாலம் பேசினார்கள். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து வெர்னா ரைட் 1950-களில் இது தனி வியாதி என்று வாதிட்டார். 1973-ல் அவரும் மோல் என்பவரும் சேர்ந்து ஐந்து வகையாகப் பிரித்துக் காட்டினார்கள். அதில் ஒரு வகை, நகத்தை ஒட்டிய விரல்நுனி மூட்டைப் பிடிப்பது.

சரி, வியாதி கூடுகிறதா குறைகிறதா என்று எப்படி அளப்பது? சர்க்கரைக்கு ரத்தத்தில் ஓர் எண் இருக்கிறது. இதற்கு அப்படி எதுவும் கிடையாது, ஈ.எஸ்.ஆர். பலருக்கு நார்மலாகவே இருக்கும். ஒவ்வொரு மூட்டாக அழுத்திப் பார்த்து எண்ண வேண்டியதுதான்.

1995-ல் ஹாலந்து நாட்டார் முடக்குவாதத்துக்கு 28 மூட்டுக் கணக்கு ஒன்றைத் தந்தார்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல்கள், முழங்கால், அத்தோடு சரி. ரொம்ப வசதி! அதையே இந்த வியாதிக்கும் கொண்டுவந்தபோதுதான் சிக்கல். கணுக்கால், பாதம், விரல்நுனி எதுவுமே அந்தக் கணக்கில் இல்லை.

என் ஓ.பி.க்கு ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். இரண்டு கால்விரல்கள் முழுசாக வீங்கி, செருப்பு நுழையாத நிலை. 28-ல் அவருக்கு வீக்கம் பூஜ்யம்! "அப்ப எனக்கு ஒண்ணுமில்லையா சார்?" என்றார். இருந்தது, கணக்குதான் கால் வரை போகவில்லை.

2010-ல் இதற்கு விடிவு வந்தது. டாப்சா என்ற கணக்கில் வீக்கத்துக்கு 66 மூட்டு, வலிக்கு 68 மூட்டு. இடுப்பு மூட்டின் வீக்கம் கைக்குத் தெரியாது, அதனால்தான் இரண்டு குறைவு. கூடவே நோயாளி சொல்லும் வலி, அவருடைய சொந்த மதிப்பீடு, சி.ஆர்.பி. ஆகியவற்றையும் கூட்டுகிறோம். கூட்டுத்தொகை 4-க்குள் இருந்தால் வியாதி அடங்கிவிட்டது. 28-ஐத் தாண்டினால் கடுமை. அதே ஆண்டில் வந்த இன்னொரு அளவுகோல், தோலையும் தசைநாண் எலும்பில் சேரும் இடத்தையும் சேர்த்து ஏழு கேள்வி கேட்கிறது. ஐந்தில் தேறினால் போதும்.

இவ்வளவு எண்ணி என்ன லாபம் என்பீர்கள். பிரிட்டனில் 206 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2015-ல் வெளியானது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை அளந்து, இலக்கு எட்டும்வரை மருந்தைக் கூட்டியவர்களுக்கு, வழக்கமான வைத்தியத்தைவிட நல்ல பலன். தீவிரமான பக்கவிளைவுகளும் கூடின, அதையும் மறைக்கக் கூடாது.

ஆகவே, வைத்தியம் பார்க்கும் நண்பர்களே, செருப்பைக் கழற்றச் சொல்லி, குனிந்து பாருங்கள். வேறு துறைக்குப் போய்விட்ட நண்பர்களே, சோரியாசிஸ் உள்ள உறவினர் யாராவது கால்விரல் வீங்குது என்றால், ஒன்றுமில்லை என்று விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் காலையும் காட்டச் சொல்லுங்கள்.