பம்பாய் மறந்த பந்தயங்கள்

சனிக்கிழமை இரவில் தாராவியின் 90 அடிச் சாலை வழியே நடந்து செல்பவர் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். ஏதேனும் ஒரு கடை வாசலில் நாலைந்து இளைஞர்கள் ஒரு கைப்பேசியைச் சூழ்ந்து நிற்பர். ஒருவன் அணிந்திருப்பது சிவப்புச் சட்டை. மற்றவன் அணிந்திருப்பது வெளிர்நீலச் சட்டை. மான்செஸ்டர் நகரின் இரு கழகங்களுக்கும் இடையே உள்ள பழம்பகை அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். எந்த ஆண்டில் எவர் எவரை எத்தனை கோல்களில் வென்றார் என்று வாதிடுவர். வாதம் முற்றினால் இரண்டு நாள் பேசாமலும் இருப்பர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் அமர்ந்தவர்களின் வழிவந்த பிள்ளைகளும் அக்கூட்டத்தில் உண்டு. மாதுங்காவிலும் செம்பூரிலும் நிலைமை இதுவேதான். அங்கே திரை சற்றுப் பெரிது, அவ்வளவே.

அந்த இளைஞரிடம் ரோவர்ஸ் கோப்பையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கும்.

மாதுங்கா ரோடு நிலையத்தில் ரயிலேறிச் சர்ச்கேட்டில் இறங்கினால் நடந்தே அடையத்தக்க தொலைவில் உள்ளது கூப்பரேஜ் மைதானம். சிம்லாவில் டியூராண்டு பந்தயம் தொடங்கியது 1888இல், பம்பாயில் ரோவர்ஸ் கோப்பை தோன்றியது 1891இல், கல்கத்தாவின் ஐ.எப்.ஏ. கேடயம் அதற்கும் இரண்டாண்டு பிந்தியது. ஆதியில் ரோவர்ஸ் கோப்பை வெள்ளைக்காரப் பட்டாளங்களின் சொத்தாகவே இருந்தது. 1923இல் மோகன் பகான் கழகம் கல்கத்தாவிலிருந்து வந்து இறுதிப் பந்தயம் வரை முன்னேறித் தோற்றது. 1937இல் பெங்களூர் முஸ்லிம் கோஷ்டியார் கோப்பையைக் கைப்பற்றினர். இந்தியர் அதை வென்றது அதுவே முதல் தடவை. மறு ஆண்டும் அவர்களே வென்றனர்.

சுதந்திரத்திற்குப் பின் வந்த இருபதாண்டுகளே அப்பந்தயத்தின் பொற்காலம் என்பது என் எண்ணம். 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் இடைவிடாமல் ஹைதராபாத் நகரப் போலீஸ் கோஷ்டி கோப்பையைக் கொண்டு சென்றது. அக்கோஷ்டியைப் பயிற்றுவித்த சையது அப்துல் ரகீம் என்பவரே பிறகு இந்தியக் கோஷ்டியை 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடத்திற்கும், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கப் பதக்கத்திற்கும் அழைத்துச் சென்றவர். 1955இல் மோகன் பகான், தன் ஊர்ப் பகையான முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தை இறுதிப் பந்தயத்தில் வென்றது. 1972இல் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் வெற்றி தோல்வி காணாமல் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. கல்கத்தாவின் வழக்குகள் கூப்பரேஜில் விசாரணைக்கு வந்தன என்றே சொல்லலாம். பம்பாய்வாசி அதைக் காண ஹவுரா வரை போக வேண்டியதில்லை.

அவ்வழக்கு இன்னதென்று அறியாதவர்க்கு ஒரு வார்த்தை. ஈஸ்ட் பெங்கால் 1920இல் பிறந்த கழகம். கீழ்வங்கத்து மக்களின் மானம் அதோடு பிணைந்தது. தேசப் பிரிவினையால் வீடு வாசலை இழந்து வந்த அகதிகளுக்கு அக்கழகத்தின் வெற்றி ஒன்றே ஆறுதலாக இருந்த நாட்களும் உண்டு. அது வென்றால் ஹில்சா மீன் குழம்பு. மோகன் பகான் வென்றால் இறால். அடுப்பங்கரை வரை எட்டிய போட்டி அது. அதில் கறையும் உண்டு என்பதை மறைக்கலாகாது: 1980 ஆகஸ்டு 16 அன்று ஈடன் தோட்டத்தில் இவ்விரு கழகங்களின் ஆட்டத்தின்போது நேர்ந்த கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் மாண்டனர். 1997 ஜூலை 13 அன்று சால்ட் லேக் அரங்கில் இவ்விருவரின் ஆட்டத்தைக் கண்டவர் தொகை 1,31,781 என்பது கணக்கு. எந்த ஐரோப்பிய நகரமும் பொறாமைப்படத்தக்க எண் அது.

தமிழ் நேயர்களுக்கு இதில் ஒரு தனி உரிமையும் இருக்கிறது. ஹைதராபாத்தில் பிறந்த பீட்டர் தங்கராஜ், வெலிங்டன் மதராஸ் ரெஜிமெண்டு மையத்தின் கோல் காவலராகப் பெயர் பெற்றவர். அக்கோஷ்டி 1955லும் 1958லும் டியூராண்டு கோப்பையை வென்றது. பிறகு கல்கத்தா சென்ற அவர், முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று கழகங்களுக்கும் அடுத்தடுத்துக் கோல் காத்தார். ஒருவரையொருவர் வெறுத்த மூன்று கூட்டங்களும் ஒரே மனிதரை நம்பின! ஜகார்த்தாவில் தங்கம் வென்ற கோஷ்டியிலும் அவர் இருந்தார். ஆங்கிலக் கழகங்களின் கோல் காவலர் பெயரை வரிசையாக ஒப்பிக்கும் நம் பிள்ளைகளுக்குத் தங்கராஜின் பெயரைச் சொல்லிக் கொடுத்தவர் யார்?

பம்பாய்க்குச் சொந்தக் கோஷ்டிகள் இல்லாமலும் இல்லை. டாட்டா, கால்டெக்ஸ், மபத்லால் ஆலை, இரு ரயில்வேக்கள் எனக் காரியாலயங்களும் ஆலைகளும் நடத்திய கோஷ்டிகளே இந்நகரின் கழகங்களாக விளங்கின. காலையில் வேலை, மாலையில் பந்து; மாதம் பிறந்தால் சம்பளம். 1958இல் கால்டெக்ஸும் 1965இல் மபத்லாலும் ரோவர்ஸ் கோப்பையை உள்ளூரிலேயே நிறுத்தின. மெல்போர்னில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று கோல்கள் போட்ட நெவில் டிசூசா, பம்பாயில் டாட்டா கோஷ்டியில் ஆடியவர். ஒலிம்பிக் கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்கள் போட்ட முதல் ஆசியர் அவரே. பந்து உதைக்கத் தெரிந்த ஏழைப் பையனுக்கு அது ஓர் உத்தியோகத்தின் வாசல். அவ்வாசல் அடைபட்டதுதான் இக்கதையின் மெய்யான நஷ்டம்.

அடைபட்டது ஒரே நாளில் அன்று. 1982 ஜனவரியில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர் வெளியே நின்றனர். பல ஆலைகள் மீண்டும் பழைய நிலைக்கு வரவே இல்லை. விளையாட்டுக்காக வேலை கொடுக்கும் வழக்கம் மெல்லத் தேய்ந்தது. 1986இல் தூர்தர்ஷன் உலகக் கோப்பை ஆட்டங்களை நேரடியாகக் காட்டிற்று. மரடோனாவைக் கண்ட கண்கள் கூப்பரேஜை வேறு விதமாய்ப் பார்க்கத் தொடங்கின. 1990களில் செயற்கைக்கோள் தொலைக்காட்சி வீடு தோறும் வந்தது. இங்கிலாந்தில் 1992இல் புதிதாய்த் தோன்றிய பிரிமியர் லீக், வாரந்தோறும் நம் இரவு உணவு வேளையில் வந்து அமர்ந்தது. 2000-01ஆம் பருவத்தோடு ரோவர்ஸ் கோப்பை நின்றது. 2005-06இல் தேசிய லீக்கை வென்ற மகிந்திரா யுனைடெட் கழகம் 2010இல் கலைக்கப்பட்டது. கல்கத்தா தொலைவாயிற்று, மான்செஸ்டர் அருகில் வந்தது.

இந்த விபரீதம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில், சான் டியாகோ நகரின் எல்லையைத் தாண்டினால் மெக்சிகோவின் டிஹுவானா. அந்நாட்டில் குவாதலஹாரா கழகமும் தலைநகரின் அமெரிக்கா கழகமும் மோதும் நாள் ஒரு தேசியத் திருநாள் போன்றது. குவாதலஹாரா மெக்சிகர் அல்லாதவரைச் சேர்ப்பதில்லை என்ற விரதம் பூண்ட கழகம். எதிரியோ தொலைக்காட்சி முதலாளிகளின் செல்லப்பிள்ளை. அமெரிக்காவில் குடியேறிய மெக்சிகர் இந்த ஆட்டங்களை ஸ்பானிய மொழியில் உயிராய்ப் பார்க்கின்றனர். ஆங்கிலம் பேசும் ரசிகர் பலரோ, விடியுமுன் எழுந்து இலண்டன் ஆட்டத்தைப் பார்க்கின்றனரேயன்றிப் பக்கத்து நாட்டுப் போட்டியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர்களுக்காவது மொழி ஒரு வேலியாக நிற்கிறது என்று சாக்குச் சொல்லலாம். கூப்பரேஜில் பந்து பார்க்க நமக்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை.

இளைஞரைக் குறை கூறுவது எளிது. அதில் நியாயம் இல்லை. ஐரோப்பிய ஆட்டத்தின் வேகமும் நுட்பமும் உயர்ந்தவை என்பதில் ஐயமில்லை. இதை எழுதுபவனும் பல சனிக்கிழமை இரவுகளில் கண் விழித்தவன்தான். கண்ணுக்கு முன் உள்ளதையே மனிதன் நேசிப்பான்; முன்னே வைக்கப்படாததை எவ்வாறு நேசிப்பது? ஆயினும் திரையில் பார்க்கும் பகைக்கும், எதிர்க் கூட்டத்தான் அதே படிக்கட்டில் தோள் உரச அமர்ந்திருக்கப் பார்க்கும் பகைக்கும் வேற்றுமை உண்டு. இரண்டாவதில் ஆட்டம் முடிந்ததும் ஒரே ரயிலில் வீடு திரும்ப வேண்டும்.

2014இல் மும்பை சிட்டி என்ற புதுக் கழகம் பிறந்தது. 2019இல் அதன் 65 விழுக்காடு பங்கை, மான்செஸ்டர் சிட்டியை உடைய அதே குழுமம் வாங்கியது. மான்செஸ்டரைத் தேடி நாம் போனது போதாதென்று அதுவே அந்தேரிக்கு வந்துவிட்டது என்று நண்பர் ஒருவர் கூறினார், வேடிக்கைதான். எனினும் கழகம் நன்றாக ஆடியது. 2021 மார்ச்சு மாதத்தில் கோவாவில், நோய்த்தொற்றின் காரணமாக வெறிச்சோடிய அரங்கில், ஏ.டி.கே. மோகன் பகானை இறுதிப் பந்தயத்தில் வென்றது. 2024 ஏப்ரலில் கொல்கத்தாவில் தோற்று லீக் கேடயத்தை அதே எதிரியிடம் பறிகொடுத்தது. மூன்று வாரங்களுக்குள், மே 4 அன்று, அதே சால்ட் லேக் அரங்கில், எதிரியின் ரசிகர் கடல் நடுவே, மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கோப்பையை வென்று திரும்பியது. பழிக்குப் பழி! 1923இல் கூப்பரேஜுக்கு வந்து தோற்றுப் போன கழகத்தின் சொந்த வீட்டிலேயே பம்பாய்க்காரர் கோப்பை எடுத்தனர்.

அன்று சனிக்கிழமை. அதே இரவில் இங்கிலாந்தில் மான்செஸ்டர் சிட்டி, வுல்வ்ஸ் கழகத்தை ஐந்துக்கு ஒன்று என்று வென்றது. ஹாலண்ட் நான்கு கோல்கள் போட்டார். 90 அடிச் சாலையில் இன்றும் அதைக் கூறுவோர் கிடைப்பர். கொல்கத்தா ஆட்டம் நம் நேரப்படி இரவு ஏழரை மணிக்குத் தொடங்கியது. மான்செஸ்டர் ஆட்டம் பத்து மணிக்கு. இரண்டையும் பார்க்க நேரம் இருந்தது.