பாலபாடம் முதல் ‘நுழை’ வரை

ஸ்ரீமுஷ்ணத்தில் உறவினர் இல்லமொன்றில், முதல் வகுப்பு முடித்த சிறுமி ஒருத்தி ஆத்திசூடி நூலை விரித்து வைத்துக்கொண்டு தடையின்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டார் பெருமிதத்துடன் கேட்டுக்கொண்டிருந்தனர். பக்கத்தின் நடுவே ஒரு சொல்லின்மேல் விரல் வைத்து, “இது என்னம்மா?” என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. முதல் அடியிலிருந்து மீண்டும் ஒப்பித்துக்கொண்டே வந்தவள், அவ்விடத்தை அடைந்ததும் சரியாகச் சொன்னாள்.

அவள் வாசிக்கவில்லை, நினைவிலிருந்து சொன்னாள். குறை அவளுடையதன்று. ஒப்பித்தலையே வாசிப்பென்று கருதும் வழக்கம் நம்மிடம் மிகப் பழையது. அது எவ்வாறு தோன்றியது, எப்போது மாறத் தொடங்கியது என்று அறிவது, குழந்தைக்கு எந்த நூலை வாங்குவது என்னும் எளிய கேள்விக்கும் பயன்படும்.

திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிப் பழகிய பிள்ளை பின்னர் ஓலைக்கு வந்தான். ஓலைச் சுவடியில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது; எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி இருக்கும்; சொற்களுக்கிடையே வெளி விடுவதும் இல்லை. பாடத்தை முன்பே அறிந்தவனே அதைப் பிழையின்றிப் படிக்க முடியும். ஆக, மனப்பாடம் அக்காலத்தில் வாசிப்புக்கு முன்தேவையாகவே இருந்தது. அகரவரிசையில் அமைந்த ஆத்திசூடி, எழுத்தையும் நினைவையும் ஒருங்கே பிணைத்த அரிய ஏற்பாடு. எனினும் அதன் பொருள் பெரியோருக்குரியது. குழந்தைக்கு அங்கே கிடைப்பது ஓசை மட்டுமே.

தமிழ் கற்கத் தொடங்குவோருக்குச் சிரிப்பூட்டும் உரைநடையை முதலில் எழுதியவர்களுள் ஒருவர் வீரமாமுனிவர். அவருடைய பரமார்த்த குரு கதை 1822இல் இலண்டனில் அச்சாயிற்று. ஆனால் அவர் அதை எழுதியது நம் குழந்தைகளுக்காக அன்று; தமிழ் பயின்ற ஐரோப்பியப் பாதிரிமாருக்காக. கற்பவருக்குச் சலிப்புத் தட்டக்கூடாது என்னும் எண்ணம் வேற்றுமொழியாளரை முன்னிட்டு நம் மொழிக்குள் வந்தது என்பது எண்ணத்தக்கது.

அதே 1822இல் யாழ்ப்பாணத்து நல்லூரில் பிறந்தவர் ஆறுமுக நாவலர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய அவர், 1864இல் அதே பெயரில் சிதம்பரத்திலும் ஒரு பள்ளியை நிறுவினார். இப்பள்ளிகளின் தேவைக்கென அவர் இயற்றியவையே பாலபாடங்கள். எழுத்து, சொல், சிறு வாக்கியம், பின்னர் கட்டுரை என்று படிப்படியாக ஏறும் ஒழுங்கு அவற்றில் உண்டு. சந்தி பிரித்து, நிறுத்தக்குறியிட்டு அவர் அச்சிட்ட உரைநடை, முன்பின் அறியாத பாடத்தையும் கண்ணால் படித்துப் பொருள் கொள்ள வழி செய்தது. இது பெரிய மாற்றம். ஆயினும் நோக்கம் அறமும் சமயமுமே. நான்காம் பாலபாடம் கொலை, களவு, கள், சூது முதலியவற்றை விலக்குமாறு அறிவுறுத்தும் கட்டுரைகளைக் கொண்டது. குழந்தையின் மகிழ்ச்சி அங்கே இன்னும் ஒரு கேள்வியாகவில்லை.

அக்கேள்வி பாடல்களின் வழியே நுழைந்தது. பாரதியின் பாப்பா பாட்டு 1915இல் ஞானபானு இதழில் வெளிவந்தது. அதிலும் அறிவுரை உண்டு. ஆனால் குழந்தையின் அருகில் அமர்ந்து பேசும் குரலில் உண்டு. வங்கிப் பணியிலிருந்த அழ. வள்ளியப்பா 1944இல் ‘மலரும் உள்ளம்’ தொகுதியை வெளியிட்டார். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றுவதற்கும் அவரே முதற்காரணர். 1947 ஜூலையில் அம்புலிமாமா தொடங்கியது. ஆனால் அதன் கதைகள் சரளமாகப் படிக்கத் தெரிந்தவர்க்குரியவை. எழுத்துக்கூட்டும் நிலையிலுள்ள குழந்தைக்குப் பாட்டு இருந்தது. கதை அரிதாகவே இருந்தது.

1957இல் அமெரிக்காவில் டாக்டர் சூஸ் 236 வெவ்வேறு சொற்களை மட்டுமே கொண்டு தொப்பியணிந்த பூனையின் கதையை எழுதினார். அம்முறையை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர இயலாது. ஆங்கிலக் குழந்தைக்குத் தொல்லை, எழுத்தும் ஒலியும் ஒத்துப்போகாமை. தமிழ்க் குழந்தைக்குத் தொல்லை, எழுத்துகளின் எண்ணிக்கையும் சொல்லின் நீளமும். ‘வந்துகொண்டிருந்தார்கள்’ என்பது நமக்கு ஒரு சொல். அவளுக்குப் பன்னிரண்டு எழுத்துகள். கடைசி எழுத்தை அடைவதற்குள் முதல் எழுத்து மறந்துவிடும். ணை, லை, னா போன்ற பதின்மூன்று எழுத்துகளின் வடிவத்தை 1978இல் அரசு சீர்திருத்தியதன் பயனை இக்கோணத்திலிருந்தும் காண வேண்டும். வீட்டுப் பரணிலுள்ள பழம்பதிப்பை அன்போடு எடுத்துக் கொடுப்போர், அதிலுள்ள துதிக்கை ‘லை’ குழந்தைக்கு அயலெழுத்து என்பதை மறந்துவிடுகிறோம்.

தமிழகப் பள்ளிக்கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், சிறு கதைநூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளாகப் பகுத்தது. வயதையோ வகுப்பையோ கொண்டு பிரிக்காமல் வாசிக்கும் திறனைக் கொண்டு பிரித்தது இதன் சிறப்பு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் கூச்சமின்றி ‘நுழை’யில் தொடங்கலாம். நாவலரின் படிவரிசையும் வள்ளியப்பாவின் மகிழ்ச்சியும் ஒரே நூலுக்குள் சேர ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

ஆகவே நூல் வாங்கும்போது சிலவற்றைப் பார்க்கலாம். பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிகள், பெரிய எழுத்து, குறுஞ்சொற்கள், திரும்பத் திரும்ப வரும் ஒரு தொடர், சொல்லை ஊகிக்க உதவும் படம். கதை முடிந்தபின் நீதியைத் தனியே எழுதாதிருந்தால் இன்னும் நன்று. இவை யாவினும் முதன்மையானது, நடுப்பக்கத்தைத் திறந்து கொடுத்தாலும் குழந்தை அதைப் படிக்க விரும்புகிறதா என்பதே.

மறுமுறை ஸ்ரீமுஷ்ணம் சென்றபோது அச்சிறுமியைப் பூவராகப் பெருமாளைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். மாசிமகத்துக்குப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குப் போவதையும், அங்கே இசுலாமியர் மரியாதை செய்வதையும் தான் பார்த்தபடி சொன்னாள். அவள் சொற்களிலேயே பக்கத்துக்கு ஒரு வரியாக ஒரு நோட்டில் எழுதினேன். படங்களை அவள் வரைந்தாள். ஐந்தாம் பக்கத்தைத் திறந்து நீட்டினேன். ‘கிள்ளை’யில் சற்றுத் தயங்கினாள், தான் வரைந்த கடலைப் பார்த்தாள், படித்துவிட்டாள். இம்முறை முதல் வரிக்குத் திரும்பவில்லை.